மூச்சுக் குழாய்

இல்கெஸ்டன்,
13 ஜனவரி 1991

அன்புள்ள லொரெய்ன், என் வாத்துக்குட்டிக்கு,

இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அந்த ஸ்காட்லாந்துக் காற்று உன்னை இன்னும் கடலுக்குள் தள்ளிவிடவில்லை என்று நம்புகிறேன். கிறிஸ்துமஸுக்கு நீ வராததில் எனக்கு வருத்தம்தான். விமானங்களுக்குப் பண்டிகை கிடையாது என்கிறாய், சரி. ஆனால் இவோன் உனக்கென்று எடுத்துவைத்த வான்கோழிக் கறியைப் புத்தாண்டு வரைக்கும் நான் ஒருவனே தின்று தீர்க்க வேண்டியதாயிற்று.

விஷயம் என்னவென்றால், நாமே பூட்டிக்கொள்ள வேண்டிய அந்தக் கார் வந்துவிட்டது. கார் என்றா சொல்வது! மூன்று மரப்பெட்டி, ஒரு இரும்புச் சட்டம், கண்ணாடியிழையில் செய்த ஒரு பாடி. மீதியெல்லாம் ஒரு பழைய காரைப் பிரித்து எடுத்த சாமான்கள். உன் தம்பி சனி, ஞாயிறு இரண்டு நாளும் இங்கேதான். சமையலறை அலமாரி விற்கிறவன் கைக்கு இவ்வளவு வேலை வரும் என்று யார் நினைத்தார்கள்? மால்கமுக்குள் ஒரு மெக்கானிக் இருக்கிறான் என்று அவனுடைய ஏழு வயதிலேயே சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். பெண்டாட்டி இவோனைப் பக்கத்தில் வைத்து ஓட்டப்போகிறானாம். யார் முதலில் மடியில் உட்காருவது என்று பிள்ளைகள் இரண்டுக்கும் இப்போதே சண்டை.

ஒரு உதவி வேண்டும். டிக்கியில், பின் அச்சுக்கு மேலே, பெட்ரோல் டேங்க் மாட்ட வேண்டும். பெட்டியோடு வந்த புத்தகத்தில் "டேங்க்கைப் பொருத்தவும்" என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. நீ பத்து வருஷமாக விமான டேங்க்குக்குள் ஊர்ந்துகொண்டிருப்பவள். விவரமாக எழுது. நான் உன்னைக் கேட்டது மால்கமுக்குத் தெரிய வேண்டாம். அவனுக்கு முகம் வாடிவிடும்.

அன்புடன்,
அப்பா


பிரெஸ்ட்விக்,
20 ஜனவரி 1991

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தில் மெழுகும் கிரீஸும் மணத்தது. சந்தோஷமாக இருந்தது.

மால்கமின் ஏழு வயதில் நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. எனக்கு அப்போது பதினொன்று. அதுவரை கராஜில் உங்களுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் நான். மறுநாளே, "நீ உள்ள போயி அம்மாவுக்கு உருளைக்கிழங்கு உரி" என்றீர்கள். சரி, விடுங்கள். டேங்க்குக்கு வருகிறேன்.

அதை வெறும் இரும்பின் மேல் உட்கார வைக்காதீர்கள். அடியில் ரப்பர் போட்டு, மேலே இரண்டு பட்டை கொடுத்து இறுக்குங்கள். பட்டைக்கும் டேங்க்குக்கும் நடுவிலும் ரப்பர் வேண்டும். இரும்பும் இரும்பும் உரசினால் ஒரு குளிர்காலத்துக்குள் ஓட்டை விழும். ஒழுகுகிறதா என்று பார்க்கப் பெட்ரோல் ஊற்றாதீர்கள். தண்ணீரை நிரப்பி ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள், அப்புறம் நன்றாகக் காயவையுங்கள்.

மற்றதை மறந்தாலும் இரண்டை மறக்கக் கூடாது. டேங்க்கின் தலையில் சுண்டுவிரலை விடச் சிறிதாக ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் மூச்சுக் குழாய். பெட்ரோல் குறையும்போது காற்று உள்ளே வருவதும், வெயிலில் பெட்ரோல் விரியும்போது ஆவி வெளியே போவதும் அது வழியாகத்தான். அதில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, பெட்ரோல் ஊற்றும் வாயைவிட உயரமாக ஒரு வளைவு எடுத்து, பிறகு கீழே இறக்கி, அடித்தளத்தைத் துளைத்துக் காருக்கு வெளியே விடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அது டிக்கிக்குள் முடியக் கூடாது. மின்சார பம்பும் அங்கேயேதான் இருக்கிறது, ஒரு பொறி போதும். இன்னொன்று, டேங்க்குக்கும் இருக்கைகளுக்கும் நடுவில் இருக்கும் தகடு. அதில் ஓட்டையே இருக்கக் கூடாது. ஒயர் போகிற துளையைக்கூட அடைத்துவிடுங்கள்.

படம் வரைந்து வைத்திருக்கிறேன். மால்கமிடம் நீங்களே யோசித்ததாகச் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்குக் குழாய் வெளியே போனால் போதும்.

உங்கள் அன்பு மகள்,
லொரெய்ன்


இல்கெஸ்டன்,
24 பிப்ரவரி 1991

அன்புள்ள லொரெய்ன், வாத்துக்குட்டிக்கு,

டேங்க் ஏறிவிட்டது! ரப்பர், பட்டை எல்லாம் நீ எழுதினபடிதான். தண்ணீரில் சொட்டுக்கூட ஒழுகவில்லை. "இதெல்லாம் உங்களுக்கு எப்பிடிப்பா தெரியும்?" என்று மால்கம் வாயைப் பிளந்தான். "அம்பது வருஷ அனுபவம்டா" என்று போட்டேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்.

ஒரு சின்னச் சங்கடம். பாடியை மேலே இறக்கினால் உன் வளைவு இடிக்கிறது. இரண்டு விரல் உயரம்தான், ஆனால் பின்பக்கம் மூடாமல் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது. குழாய்க்கு இடம் விட்டுப் பாடியை வெட்டலாம் என்றால் மால்கம் அழாத குறை. "மூணு வாரம் மெழுகு தேச்சிருக்கேன், அதுல போயி ரம்பத்த வைக்கச் சொல்றீங்களே!" என்கிறான். அதனால் கொஞ்சம் மாற்றியிருக்கிறோம். பெரும்பாலும் நீ சொன்னபடிதான். பெட்ரோல் வாசனை லேசாக வருகிறது, புதுசென்றால் அப்படித்தானே இருக்கும். மே மாதம் நம் ஊர்க் கண்காட்சியில் நிறுத்தப்போகிறோம்.

அன்புடன்,
அப்பா


பிரெஸ்ட்விக்,
2 மார்ச் 1991

அன்புள்ள அப்பா,

"பெரும்பாலும்" என்றால் என்ன? எங்கள் பட்டறையில் அந்த வார்த்தையை எழுதி யாரும் கையெழுத்துப் போட முடியாது. குழாய் எங்கே போய் முடிகிறது? அதை மட்டும் ஒரு அஞ்சலட்டையில் எழுதுங்கள்.

வாசனை புதுசு என்பதால் வரவில்லை. ஆவி உள்ளே வருகிறது, அதனால்தான் வருகிறது. வளைவு இடித்தால் பாடியை வெட்ட வேண்டும் என்றில்லை. குழாயைச் சக்கரத்தின் மேல் வளைவு ஓரமாகக் கொண்டுபோகலாம். ஈஸ்டருக்கு எனக்கு நான்கு நாள் விடுமுறை. ரயிலேறி வந்துவிடுகிறேன். இரண்டு மணி நேர வேலை, அதற்குப் பிறகு நீங்கள் எனக்கு மீன் வறுவல் வாங்கிக் கொடுக்கலாம். அதுவரை அதில் யாரும் ஏற வேண்டாம்.

அன்பு மகள்,
லொரெய்ன்


இல்கெஸ்டன்,
20 மார்ச் 1991

அன்புள்ள லொரெய்னுக்கு,

ஈஸ்டருக்கு வேண்டாம் அம்மா. இவோனுடைய அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள், படுக்க இடமில்லை. அதோடு நீ வந்து கராஜில் நின்றால் மால்கமுக்கு எப்படி இருக்கும், யோசித்துப் பார். அவனுக்கென்று வாழ்க்கையில் இது ஒன்றுதான் உருப்படியாக வந்திருக்கிறது.

நீ கவலைப்படும் விஷயத்தைச் சரிசெய்துவிட்டேன். குழாய் வெளியே போய்விட்டது. நானே என் கையால் செய்தேன். வாசனை இல்லை.

அப்பா


பிரெஸ்ட்விக்,
27 மார்ச் 1991

அன்புள்ள அப்பா,

சரி, வரவில்லை. விடுமுறையை வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

சரிசெய்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் என்னிடம் எவ்வளவோ கடுமையாகப் பேசியிருக்கிறீர்கள், ஆனால் ஒரு வேலையைப் பற்றி இதுவரை பொய் சொன்னதில்லை. அதனால் இனிக் கேட்க மாட்டேன்.

லொரெய்ன்


இல்கெஸ்டன்,
19 மே 1991

அன்புள்ள லொரெய்ன், வாத்துக்குட்டிக்கு,

உள்ளே இருக்கும் பத்திரிகைத் துண்டைப் பார்! பதினாறு கார்களில் நம்முடையதுக்குத்தான் கூட்டம். "தந்தையும் மகனும் சேர்ந்து உருவாக்கிய பச்சைக் கார்." படத்தில் என் தொப்பை கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது, பரவாயில்லை. நிருபர் பையன், "வேற யாராச்சும் ஒதவி செஞ்சாங்களா?" என்று கேட்டான். அந்த நேரத்தில் எல்லோரும் சுற்றி நின்றார்கள், உன் பெயரைச் சொல்ல வாய்க்கவில்லை. நீ இதையெல்லாம் பெரிதாக நினைக்கிறவள் இல்லை.

ஒரு வரி எழுது. அஞ்சலட்டையாவது போடு.

அன்புடன்,
அப்பா


இல்கெஸ்டன்,
8 ஜூலை 1991

அன்புள்ள லொரெய்ன்,

காகிதத்தை எடுத்துவைத்து மூன்று நாளாகிறது. ஃபோனில் நான் சொன்னது பாதிதான்.

போன மாதக் கடைசி ஞாயிறு. நல்ல வெயில். மால்கமும் இவோனும் மேட்லாக் பக்கம் ஐஸ்கிரீம் சாப்பிடக் கிளம்பினார்கள். நல்லவேளை, பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டார்கள். டேங்க்கை வாய் வரைக்கும் நிரப்பியிருந்தார்கள். குரோம்ஃபோர்டு மேட்டில் கார்கள் வரிசையாக நின்றுவிட்டன. ஏற்றத்தில், வெயிலில், கால் மணி நேரம் அப்படியே நிற்க வேண்டியதாயிற்று. மறுபடி கிளப்பும்போது டிக்கிக்குள் குப்பென்று தீப்பிடித்து, தகட்டின் வழியாக இருக்கைக்கு வந்துவிட்டது. மால்கம் குதித்துவிட்டான். இவோனுக்கு பெல்ட் கழலவில்லை. அவன்தான் திரும்பிப் போய் அறுத்து இழுத்தான். அவளுக்கு இரண்டு கையும், முழங்காலுக்குக் கீழேயும் வெந்துவிட்டது. வலது கை விரல்கள் மடங்குமா என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை.

இன்சூரன்ஸ் ஆள் வந்தார். மிச்சமிருந்ததைக் கிளறிப் பார்த்துவிட்டு, "கொழாய டிக்கிக்குள்ள விட்டது யாரு?" என்றார். மால்கம் வாயே திறக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. "என் பொண்ணு விமான டேங்க் வேலை பாக்குறா. அவ எழுதி அனுப்பினபடிதான் செஞ்சோம்" என்று சொல்லிவிட்டேன். உன் கடிதத்தைக் கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன். நீ எங்கே வேலை செய்கிறாய் என்பதை எழுதிக்கொண்டு போனார்.

லொரெய்ன், யோசித்துப் பார். மால்கம்தான் செய்தான் என்று தெரிந்தால் இவோன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அவன் அதோடு முடிந்தான். உனக்குப் புருஷனோ பிள்ளையோ கிடையாது, இழக்க ஒன்றுமில்லை. நீ எப்போதுமே தைரியசாலி. யாராவது கேட்டால், நான்தான் அப்படி எழுதினேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. இவோனிடமும் சொல்லிவிடு. நான் உன்னிடம் வேறு என்ன கேட்டிருக்கிறேன்?

அப்பா


பிரெஸ்ட்விக்,
24 ஜூலை 1991

அப்பாவுக்கு,

போன திங்கட்கிழமை ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டார். அவர் முன்னால் அந்த இன்சூரன்ஸ் ஆளுடைய கடிதம் இருந்தது. "நீ இப்பிடி எழுதியிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். ஆனா உங்கப்பாவே சொல்லியிருக்காரே" என்றார். விசாரணை முடியும்வரை, முடித்த வேலைக்குக் கையெழுத்தோடு குத்துகிற என் முத்திரையை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அந்த முத்திரை இல்லாமல் நான் எந்த டேங்க்கையும் தொட முடியாது. இப்போது சாமான் அறையில் கையுறையும் துணியும் எடுத்துக் கொடுக்கிறேன்.

உங்களுக்குச் சொல்லாமல் சனிக்கிழமை ரயிலேறி வந்து ஆஸ்பத்திரியில் இவோனைப் பார்த்தேன். நீங்கள் கேட்டதைச் சொல்லத்தான் வந்தேன் அப்பா. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வழியெல்லாம் அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். அந்தப் பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

இரண்டு கையிலும் தோள்வரை கட்டு. தண்ணீர் கேட்டாள், உறிஞ்சுகுழலை வாயில் வைத்துப் பிடித்தேன். அவள் குடித்து முடித்ததும், "இவோன், அந்தக் கொழாய் விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"நிறுத்து லொரெய்ன்" என்றாள். "நீ என்ன சொல்லப்போறேன்னு தெரியும். சொல்லாத. நான் அங்கதான் இருந்தேன்."

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வெளக்கப் புடிச்சுக்கிட்டு நின்னதே நான்தான். உன் லெட்டர் டீ டப்பாவுக்கு அடியில கெடந்துச்சு. எடுத்துப் படிச்சேன். எந்தக் காரணத்துக்காகவும் டிக்கிக்குள்ள முடியக் கூடாதுன்னு எழுதியிருந்தத சத்தமாப் படிச்சேன். மால்கம் உடனே, 'அப்பா, பாடிய வெட்டிருவோம், பெயிண்ட் போனாப் போகட்டும்'னான். உங்கப்பாவுக்கு மொகமே மாறிப்போச்சு. 'அவ கெடக்குறா. அவளுக்கு எதக் கண்டாலும் பயம். இங்க அவளா வேல செய்றா, நானா?'ன்னாரு. மால்கம் கத்திய வச்சுக்கிட்டு அப்பிடியே நின்னான். அவன் கையிலேருந்து புடுங்கி அவரேதான் கொழாய அறுத்தாரு."

"அப்புறம் ஏன் அதுல ஏறின?" என்று கேட்டேன்.

"ஈஸ்டருக்கு முன்னாடி, சரி பண்ணிட்டேன்னு சொன்னாரு. பெரிய மனுஷன் சொன்னா நம்ப மாட்டோமா?"

நானும் அதைத்தான் நம்பினேன். அதே வாரத்தில், அதே வார்த்தைகளில்.

மெழுகு தேய்த்ததற்காக மால்கம் அழுதான் என்று எனக்கு எழுதினீர்கள். இவோன் போய்விடுவாள் என்று எழுதினீர்கள். அவள் எங்கேயும் போகப் போவதில்லை. நெருப்புக்குள் திரும்பி வந்தவனை விட்டு ஏன் போகப்போகிறாள்? மால்கம் வாயைத் திறக்காதது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இல்லை. அப்பாவைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. "அவரு வாயாலயே வரட்டும்" என்று அவளிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறான்.

மால்கமுக்காகத்தான் என்னைப் பலி கொடுத்தீர்கள் என்று நினைத்திருந்தேன். அதுவாவது எனக்குப் பழக்கமான விஷயம். உங்களுக்காகக் கொடுத்திருக்கிறீர்கள்.

இந்த வாரத்துக்குள் அந்த இன்சூரன்ஸ் ஆளிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

லொரெய்ன்


இல்கெஸ்டன்,
1 டிசம்பர் 1991

என் அன்பு மகள் லொரெய்னுக்கு,

இது நான் போடும் ஐந்தாவது கடிதம். நான்குக்கும் பதில் இல்லை. இதையாவது கடைசிவரை படி.

மால்கமும் இவோனும் பிள்ளைகளோடு ஸ்கெக்னெஸுக்கு அவள் அப்பா வீட்டுக்கே குடிபோய்விட்டார்கள். புது முகவரியை எனக்குத் தரவில்லை, நானேதான் தபால்காரரிடம் கேட்டு வாங்கினேன். போன மாதம் இவோன் அந்த இன்சூரன்ஸ் ஆளிடம் நடந்ததையெல்லாம் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டாளாம். என்னை மறுபடி கூப்பிட்டுக் கேட்டார்கள். மருந்து மயக்கத்தில் அவள் எதையோ சேர்த்துச் சொல்கிறாள் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதே. அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அதுதான் வாயில் வந்தது. அவள் பேச்சும் என் பேச்சும் முட்டிக்கொண்டு நிற்கிறதாம்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். குழாயை அறுத்தது நான்தான். உன் கடிதம் சரி என்று எனக்கு அப்போதே தெரியும். ஐம்பது வருஷம் இயந்திரங்களோடு கிடந்தவனுக்கு அது தெரியாதா? இவோன் அதைப் படித்ததும் மால்கம் என்னைப் பார்த்தான். "அப்போ இதெல்லாம் அக்கா சொன்னதா?" என்றான். அவ்வளவுதான். இருபது வருஷமாக அவன் கையைத்தான் நான் கை என்று சொல்லிவந்தேன். உன் கையைப் பார்த்தும் பார்க்காதவன்போல் இருந்தேன். அது எல்லாம் அந்தக் கராஜில், அந்த ஒரு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தில் அறுத்தேன். பிறகு எடுத்து மாற்ற எத்தனையோ நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று விட்டேன்.

நீ எப்போதும் என்னைவிடக் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்கு எழுபது வயது ஆக வேண்டியிருந்தது.

இது நமக்குள் இருக்கட்டும் அம்மா. ஊரில் தலை நிமிர்ந்து நடக்க எனக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வா. நானே சமைக்கிறேன்.

என்றும் உன்,
அப்பா


பிரெஸ்ட்விக்,
9 டிசம்பர் 1991

திரு. பெர்ஸி ராக் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். இப்படி ஒரு கடிதத்துக்காக நான் என் பதினொரு வயதிலிருந்து காத்திருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

பிறகு "நமக்குள் இருக்கட்டும்" என்ற வரிக்கு வந்தேன்.

இதைப் பட்டறைக்குக் கொண்டுபோய் ஃபோர்மேன் மேசையில் வைத்தால் என் முத்திரை நாளைக்கே திரும்பி வந்துவிடும். கோட்டை மாட்டிக்கொண்டு கதவு வரைக்கும் போனேன். அப்புறம் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு வருஷமும் உங்கள் வேலையை உங்களுக்காகச் செய்து கொடுத்துவிட்டு, அதில் என் பெயர் இல்லாமல் இருந்தவள் நான். உண்மையைச் சொல்லும் இந்த வேலையை மட்டும் உங்களுக்காகச் செய்ய மாட்டேன்.

அதனால் உங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இவோனுக்கு இன்னும் வலது கையால் பேனா பிடிக்க முடியவில்லை. அவள் இடது கையால் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தைத்தான் நீங்கள் மயக்கம் என்றீர்கள்.

இரண்டு உறை வைத்திருக்கிறேன். தபால்தலை ஒட்டியிருக்கிறேன். ஒன்றில் இவோனுடைய முகவரி, மற்றதில் இன்சூரன்ஸ் அலுவலகத்தின் முகவரி. உங்கள் கடிதத்தை ஒன்றில் போடுங்கள். மற்றதில் போட அதையே உங்கள் கையால் இன்னொரு முறை எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கென்று மூன்றாவது உறை வைக்கவில்லை.

லொரெய்ன் ராக்